வரவுப் பக்கத்தையும் எழுதுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சோர்ந்து போகாமல் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைச் சொன்னதும் ஒரு அக்கா, "சோர்ந்து போகாம இருக்கணும்னா முதல்ல மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க விடச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. உடம்பு அலுப்புக்கு ஓய்வுதான் மருந்து. அதற்குப் பேச்சு மருந்து ஆகாது. நான் பேசப்போவது வேறு ஒரு அலுப்பைப் பற்றி. எவ்வளவு செய்தாலும் எதுவும் மாறவில்லையே என்று மனசில் வருகிற அலுப்பு.

குழுக்களின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஒரு நோட்டை மூடிவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் யாராவது டீ கொண்டு வருவார்கள். அப்போது பேச்சு வரும். அந்தப் பேச்சில் நான் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "நானும் இத்தனை வருஷமா குழுவுல இருக்கேன். என்னத்தக் கண்டேன்?"

இதைக் கேட்பவர்கள் யார் என்று கவனித்துப் பார்த்தேன். குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்கள் கேட்பதில்லை. சந்தா தவறாதவர்கள், கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர்கள், ஏழெட்டு வருஷம் ஓட்டியவர்கள், அவர்கள்தான் கேட்கிறார்கள். பதில் கிடைக்காதபோது என்ன ஆகிறது தெரியுமா? முதலில் கூட்டத்துக்கு நேரம் கழித்து வருவார்கள். அடுத்து, "சந்தாவ இவகிட்ட குடுத்து விட்டிருக்கேன்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு நாள், "என் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் குடுத்துடுங்க" என்பார்கள். 12 பேர் இருந்த குழு 10 பேர் ஆகிவிடும். கடன் கட்ட முடியாமல் விலகியவர்களைவிட, இப்படி மனசு விட்டுப்போய் விலகியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்ம பயிற்சிகளில் எல்லாம் இந்தப் பழமொழியைச் சொல்லுவாங்க. எனக்கு அதில் ஒரு சந்தேகம். கல் தேய்கிறது சரி. அது எறும்புக்குத் தெரியுமா? தெரியாது. நேற்றும் அதே கல், இன்றும் அதே கல், தலையில் அதே பாரம். தேய்மானத்தை நின்று பார்ப்பவன்தான் சொல்ல முடியும். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற அத்தை, "என்னடி, பிள்ளை இவ்வளவு உசரமாயிட்டான்!" என்கிறாள். தினமும் சோறு போட்ட அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை. நம் வளர்ச்சியும் அப்படித்தான். தினம் தினம் கூடவே இருப்பதால் நமக்கு நம் வளர்ச்சி தெரிவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடிப்போனால் வீட்டில் எத்தனை பேர் சொல்வார்கள்? எல்லோரும் சொல்வார்கள். உப்பு சரியாக இருந்த நாட்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். வருஷத்தில் 365 நாள் சமைத்து, நாலு நாள் உப்பு கூடியிருக்கும். அந்த நாலு நாள்தான் பேச்சாக நிற்கும். மற்றவர்கள் செய்கிற இந்த வேலையை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். தவறிய தவணை ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. கட்டிய தவணை கட்டிய அன்றே மறந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணக்குப் பார்க்கிறவளுக்குக் கணக்கில்தான் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வெளியில் 10,000 ரூபாய் அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். மாதம் 500 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் 5,000 ரூபாய் கட்டிவிடுவார். அதன் பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். அதே பணத்தைக் குழுவில் உள்கடனாக ஒரு வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 அசலும் மீதி அசலுக்கு வட்டியும் கட்டினால், முதல் மாதம் வட்டி 100, அடுத்த மாதம் 90, அப்படியே குறைந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். பத்தாவது மாதம் கடன் தீர்ந்தது. வட்டியில் மட்டும் மிச்சம் 4,450 ரூபாய். கட்டிய 550-ம் எங்கேயும் போகவில்லை, குழுவின் பொது நிதியில்தான் இருக்கிறது. அதில் நம் பங்கும் உண்டு.

இப்போது இதிலேயே இன்னொன்றைப் பாருங்கள். வெளியில் வாங்கினவருக்கு மாதாமாதம் கையை விட்டுப் போனது 500. குழுவில் வாங்கினவருக்கு முதல் மாதம் போனது 1,100. எது பாரமாகத் தெரியும்? குழுக் கடன்தான். "குழுவுல சேர்ந்ததுல இருந்து கட்டிக்கிட்டேதான் இருக்கேன்" என்று நாம் சொல்வதற்கு இதுதான் காரணம். கட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. கட்ட வேண்டியிருந்து தப்பித்தது கண்ணுக்குத் தெரியவில்லை. 4,450 ரூபாயை யாரும் நம் கையில் எண்ணி வைக்கவில்லை அல்லவா? அது பிள்ளையின் பள்ளிச் செலவாகப் போயிருக்கும், மாட்டுக்குத் தீவனமாகப் போயிருக்கும், கூரைக்கு ஓடாகப் போயிருக்கும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் அது தெரியும். செலவை எழுதி வரவை எழுதாமல் விட்டால் எந்த நோட்டும் நஷ்டத்தில்தான் நிற்கும்.

பணத்துக்காவது பேரேடு இருக்கிறது. நமக்கு வந்த தைரியத்துக்கு, கற்றுக்கொண்ட வேலைக்கு எந்தப் பேரேடும் இல்லை. ஆனால் தேடிப் பார்த்தால் சில இடங்களில் அது தானாகப் பதிவாகியிருக்கிறது.

ஒரு குழுவில் பழைய தீர்மானம் ஒன்றை வங்கியில் கேட்டார்கள் என்று பெட்டியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்து வைத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வழக்கமான அந்தப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார். "மத்தவங்கள்லாம் முன்னேறிட்டாங்க. நான் அப்படியேதான் இருக்கேன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் பெயருக்கு நேரே காட்டினேன். கட்டை விரல் ரேகை. அடுத்த கூட்டம், ரேகை. அதற்கடுத்ததும் ரேகை. ஏழாவது கூட்டத்தில் ரேகைக்குப் பதிலாக எழுத்து. மேடு ஏறுவது போல மேலே மேலே போகிற எழுத்து, நடுவில் ஒரு எழுத்தையே காணோம். ஒரு வருஷம் தள்ளிப் பார்த்தால் கோட்டுக்குள் நிற்கிற கையெழுத்து. இப்போதைய நோட்டில், குழுவின் பிரதிநிதியாக வங்கிக் கடன் விண்ணப்பத்துக்கான தீர்மானத்தின் கீழே, வேகமாகப் போட்ட கையெழுத்து.

அந்த அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அந்த மேடு ஏறிய எழுத்தின் மேல் விரலை வைத்து, "இன்னிக்கு என் மக என் கையைப் புடிச்சுக்கிட்டு எழுதப் பழக்குன மறுநா" என்றார். தேதியே நினைவு வந்துவிட்டது அவருக்கு. அதன் பிறகு அவருடைய கடன் குறைந்துவிட்டது என்றோ, முட்டி வலி போய்விட்டது என்றோ சொல்ல மாட்டேன். அதெல்லாம் இருந்தது. ஆனால் "நான் அப்படியேதான் இருக்கேன்" என்ற வார்த்தையை அவரால் மறுபடி சொல்ல முடியவில்லை. சாட்சி கையில் இருக்கிறதே!

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எது நம்மைக் கெடுக்கிறது என்று தெரியும்.

வேறு ஒரு குழுவில், எட்டாவது வரை படித்த மருமகப் பெண் ஒருத்தி கணக்கு எழுதப் பழகினாள். 11 மாதம் எழுதினாள். பன்னிரண்டாவது மாதம் ஒரு இடத்தில் 1,340 என்பதை 1,430 என்று அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். வித்தியாசம் 90 ரூபாய். கூட்டத்தில் ஒரு மணி நேரம் அதே பேச்சு. "எட்டாவது படிச்சவகிட்ட நோட்டைக் குடுத்தா இப்படித்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் நோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்று வரை திரும்பி அதைத் தொடவில்லை. இப்போது அந்தக் குழுவுக்கு வெளி ஆள் வந்து காசு வாங்கிக்கொண்டு கணக்கு எழுதுகிறார். அவர் எழுதியது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லக் குழுவில் ஆள் இல்லை.

நான் அந்தப் பதினொரு மாதக் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் அவளிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. சரியாக எழுதினால் என்ன சொல்வதற்கு இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். கணக்கில் தாட்சண்யம் கிடையாது, தப்பைத் திருத்தத்தான் வேண்டும். ஒரு கோடு அடித்து, சரியான தொகையை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் திருத்தம் முடிந்தது. ரெண்டு நிமிஷ வேலை. "பதினோரு மாசம் சரியா எழுதுன, இந்த ஒரு இடம் மாறிப்போச்சு, திருத்திடு கண்ணு" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால், இன்று அந்தக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு கணக்காளர் இருந்திருப்பாள். நல்லதைக் கவனிக்காமல் விட்டதன் விலை அது. மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்கிற பேச்சு, இதனால் ஊர் மாறுமா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் பயிற்சியையும் கொண்டு வந்தார். கல் உடைக்கிற பெண்கள், கூலி வேலைக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதா என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் எப்படிப் பாதியில் விடாமல் கற்றார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தைரியம், கூட்டம் சேர்ந்து பழகினது, இதெல்லாம் உண்டு. எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், சைக்கிளில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நேற்று பின்னால் ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடினாள். இன்று விட்டுவிட்டாள், நான் புளியமரம் வரை போய்விட்டேன். நாளைக்கு மேட்டுத் தெரு வரை. முட்டியில் சிராய்ப்பு இருந்தாலும் புளியமரம் வரை போனது பொய்யாகாது. சுற்றி நிற்கிறவர்களும் பார்த்துவிட்டார்கள். கணக்கு எழுதுவதிலும், கூட்டத்தில் எழுந்து பேசுவதிலும், செல்போனில் பணம் அனுப்புவதிலும் அந்தப் புளியமரம் தெரிவதில்லை. நாம்தான் நட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் நடக்கிறது. முதல் தடவை போனபோது ஓரமாக நின்றுவிட்டு வந்தோம். ரெண்டாவது தடவை கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது தடவை தண்ணீர்த் தொட்டிக்காக மனு கொடுத்தோம். நாலாவது தடவை, "போன தடவை குடுத்த மனு என்னாச்சுங்க?" என்று எழுந்து கேட்டோம். தொட்டி இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறோம்? "போய் என்ன பிரயோசனம், தொட்டி வரலை." தொட்டி வராதது உண்மை. அதை விடக்கூடாது, அஞ்சாவது தடவையும் கேட்க வேண்டும். ஆனால் ஓரமாக நின்ற பொம்பளை எழுந்து கேள்வி கேட்டிருக்கிறாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறவள்தான் அஞ்சாவது தடவை போவாள். எடுத்துக்கொள்ளாதவள் நாலோடு நின்றுவிடுவாள். தொட்டியும் வராது.

நம் சுய உதவிக் குழு இயக்கமே அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதைத் தொடங்கியது. வங்கியோடு குழுக்களை இணைக்கலாம் என்று நபார்டு வங்கி 1992-ல் சோதனையாகத் தொடங்கியபோது, நாடு முழுவதற்கும் சேர்த்து 500 குழுக்கள் என்பதுதான் குறி. சொத்துப் பத்திரம் இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று கேட்ட காலம் அது. மாதச் சந்தாவும் தவறாத தவணையும் அந்தக் கேள்விக்குப் பதிலாக நின்றன. இன்று இலட்சக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. அந்த ஆரம்ப நாட்களில் ஒரு அம்மா கொண்டு வந்து வைத்த சில்லறைக் காசுக்கு யாரும் கைதட்டவில்லை.

மதுரை மாவட்டம் புல்லிச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். களஞ்சியம் இயக்கத்தை வளர்த்தவர். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, கூடவே வேலை செய்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலி கேட்டுப் பேசின நாட்களுக்குப் படம் இல்லை. மழையில் நனைந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் குழு சேர்த்த நாட்களுக்கு விருது இல்லை. அந்த நாட்களில் நடந்ததுதான் வளர்ச்சி. விருது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து வந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு விருது வராது. அதனால் படம் எடுக்காத நாட்களை நாமே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "நல்லதை மட்டும் பாரு" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீட்டில் இருக்கிறவளிடம் போய், "அவருகிட்டயும் நல்லது இருக்கும், அதைப் பாரு" என்று சொல்வது பாவம். அவளிடம் சொல்ல வேண்டியது 181 என்கிற பெண்கள் உதவி எண்ணை. கூட நான் வருகிறேன் என்பதை. கூலி குறைத்துக் கொடுத்தாலும், வாரத் தவணைக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்து மரியாதைக் குறைவாகப் பேசினாலும், அதில் நல்லது தேட வேண்டிய அவசியம் இல்லை. அதைக் குழுவில் சொல்ல வேண்டும், தீர்மானத்தில் எழுத வேண்டும். நான் சொல்வது வரவையும் எழுதுங்கள் என்பதுதான். செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் இருந்தால்தான் அது கணக்கு.

சரி, என்ன செய்யலாம்? நாலே நாலு காரியம் சொல்கிறேன். இதில் எதற்கும் காசு வேண்டாம்.

ஒன்று. மாதக் கூட்டத்தில் சந்தா, தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்த பிறகு, எழுந்து போவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி சொல்லட்டும். "முன்னால என்னால முடியாம இருந்தது, இந்த மாசம் முடிஞ்சது." அவ்வளவுதான். தீர்மான நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வையுங்கள். 12 பேர் சொன்னாலும் பத்து நிமிஷம் ஆகாது. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஏ.டி.எம்.மில் யாரையும் கேட்காமல் பணம் எடுத்தது. வங்கிச் சலானைத் தானே நிரப்பியது. டாக்டர் சீட்டு எழுதி முடித்த பிறகும், "இது எதுக்குங்க?" என்று கேட்டது. "உன் பேர்ல கடன் எடுத்துக் குடு" என்று கேட்ட நாத்தனாரிடம், "அது முடியாதுங்க அண்ணி" என்று சொன்னது. இந்தக் கடைசிதான் எல்லாவற்றிலும் கஷ்டம், அதை எழுதியே தீர வேண்டும்.

இந்த மாதம் ஒன்றும் இல்லை என்றால், "இந்த மாசம் ஒண்ணும் இல்ல, ஆனா வந்தேன்" என்று சொல்லட்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு வந்ததே வரவுதான்.

இரண்டு. அடுத்தவரைப் பாராட்டும்போது எதற்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். "சூப்பர் அக்கா" என்றால் அது வந்த வழியே போய்விடும். "மேலாளர் ரெண்டு தடவை 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னப்பவும் நீங்க கோபப்படாம, 'என்ன கொறையுதுன்னு எழுதிக் குடுங்க'ன்னு கேட்டீங்க பாருங்க, அது நல்லாருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் அதை மறக்க மாட்டார். பக்கத்தில் இருக்கிறவர்களும் அடுத்த தடவை அப்படியே கேட்கக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்று. யாரோடு ஒப்பிடுவது என்பதில் கவனமாக இருங்கள். பக்கத்துக் குழு 10 லட்சம் கடன் வாங்கிவிட்டது, எதிர் வீட்டுக்காரி மகளிர் கண்காட்சியில் கடை போட்டுவிட்டாள் என்று பார்த்தால், அவள் எங்கிருந்து கிளம்பினாள் என்பது நமக்குத் தெரியாது. போன வருஷம் இதே மாதம் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதோடு ஒப்பிடுங்கள். ஒரு தவணை தவறினால், தவறிய அந்த மாதத்தோடு கட்டிய பதினொரு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். "நான் கட்டாதவ" என்று நினைக்கிறவள் அடுத்த கூட்டத்துக்கு வரவே கூச்சப்படுவாள். "பதினோரு மாசம் கட்டினவ, ஒரு மாசம் விட்டுட்டேன்" என்று நினைக்கிறவள் பாக்கியை எப்படித் தீர்ப்பது என்று கேட்க வருவாள். குழுவுக்கு எது லாபம்?

நான்கு. கற்றுக்கொண்டிருக்கும்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செல்போனில் பணம் அனுப்பப் பழகும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, குடு" என்று பிடுங்கித் தானே செய்து கொடுத்துவிடும். வேலை முடியும், நமக்குப் பழக்கம் வராது. குழுவில் ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து பழகுங்கள். முதலில் ஒருவருக்கொருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். ரகசிய எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், கூடப் பழகுகிறவரிடமும் கூடாது. போன வாரம் கற்றுக்கொண்டவர்தான் இந்த வாரம் கற்றுக்கொள்பவருக்கு நல்ல வாத்தியார். எங்கே தடுமாறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த நாலையும் செய்தால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மழை பொய்த்தால் பொய்த்ததுதான். தக்காளி விலை விழுந்தால் விழுந்ததுதான். ஆனால் அந்தக் கஷ்டத்தோடு நிற்கிறவள் "நான் ஒண்ணுமில்லாதவ" என்று நினைத்து நிற்கிறாளா, "இதுவரைக்கும் இவ்வளவு தாண்டி வந்தவ" என்று நினைத்து நிற்கிறாளா என்பது மாறும். அடுத்த கூட்டத்துக்கு அவள் வருவதும் வராமல் போவதும் அதில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஒவ்வொரு குழுவிலும் முதல் தீர்மான நோட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பரணில் இருக்கலாம், டிரங்குப் பெட்டியில் இருக்கலாம், பழைய ஊக்குநர் வீட்டில் இருக்கலாம். கரையான் அரிப்பதற்குள் எடுத்துத் துடைத்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் கூட்டத்தின் தீர்மானத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். அன்று சந்தா எவ்வளவு, யார் யார் வந்தார்கள், முதல் கடன் யாருக்கு, எதற்குக் கொடுத்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். படித்து முடித்ததும் இன்றைய நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் முதல் வரியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்க நான் வரும்போது, டீ கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பேன்.